பழைய ஷேக்ஸ்பியர் படம் புளூ-ரே ஆவது எப்படி? ‘ஒதெல்லோ’வை வைத்து ஒரு விளக்கம்

புளூ-ரே பெட்டியின் பின்னால் ‘4கே ரெஸ்டோரேஷன்’ என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். கீறலையும் தூசியையும் துடைத்துப் படத்தைப் பளிச்சென்று ஆக்கியிருக்கிறார்கள் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். துடைக்கிறார்கள் என்பது உண்மைதான். அதற்கு நாளும் நிறையப் பிடிக்கும். ஆனால் ஒரு மறுவெளியீடு உருப்படுவதும் கெடுவதும் பெரும்பாலும் வேறு இடங்களில்: எந்தச் சுருளிலிருந்து எடுத்தார்கள், எந்தப் பதிப்பை அசல் என்று ஏற்றார்கள், ஒலியில் எவ்வளவு கைவைத்தார்கள். வசனமே உயிராக இருக்கிற ஷேக்ஸ்பியர் படங்களில் இந்தத் தவறுகள் உடனே காதில் விழும்.

ஆர்சன் வெல்ஸ் இயக்கி நடித்த ‘ஒதெல்லோ’வை எடுத்துக்கொள்வோம். 1940களின் கடைசியில் தொடங்கி, மொராக்கோவிலும் இத்தாலியிலும் நின்று நின்று எடுத்த படம். கைக்காசு கரைந்ததும் வெல்ஸ் வேறு படங்களில் நடிக்கப் போவார். சம்பளத்தோடு வந்து அடுத்த காட்சியை எடுப்பார். 1952இல் கான் திரைப்பட விழாவில் மொராக்கோவின் படமாகக் கலந்துகொண்டு, முதல் பரிசை இன்னொரு படத்தோடு பகிர்ந்துகொண்டது. 1955இல் அமெரிக்காவுக்குப் போனது அதே படத்தின் வேறொரு பதிப்பு. 1992இல் பெருஞ்செலவில் ஒரு புதுப்பிப்பு நடந்தது. பாராட்டும் வசையும் சேர்ந்தே கிடைத்தன. 2017இல் பழைய படங்களை வட்டில் வெளியிடும் க்ரைட்டீரியன் நிறுவனம் 1952, 1955 ஆகிய இரண்டு பதிப்புகளையும் புளூ-ரேயில் கொண்டுவந்தது. இந்த வேலையில் வரக்கூடிய சிக்கல்கள் பெரும்பாலும் இந்த ஒரே படத்தில் வந்துவிட்டன.

எந்தச் சுருள்?

கேமராவுக்குள் ஓடியது ஒரிஜினல் நெகட்டிவ். அதிலிருந்து லேபில் ஒரு மாஸ்டர் பாசிட்டிவ் எடுப்பார்கள். கறுப்பு வெள்ளையில் இதற்கு ஃபைன் கிரெய்ன் மாஸ்டர் என்று பெயர். அதிலிருந்து டூப் நெகட்டிவ், அதிலிருந்து தியேட்டருக்குப் போகிற பிரின்ட். ஜெராக்ஸை மறுபடி ஜெராக்ஸ் எடுப்பது மாதிரி, ஒவ்வொரு படியிலும் கூர்மை குறையும், கறுப்பு இன்னும் கறுக்கும், வெள்ளையில் இருந்த விவரம் தொலையும். தியேட்டர் பிரின்டிலிருந்து 4கேயில் ஸ்கேன் செய்தாலும் கிடைப்பது தியேட்டர் பிரின்டின் தரம்தான். ‘4கே’ என்பது ஸ்கேனரைப் பற்றிய தகவல். மூலத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

ஆகவே முதல் வேலை தேடல். உலகின் ஆவணக்காப்பகங்களில் எங்கெங்கே என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் போட்டு, ஒவ்வொரு ரீலையும் மேஜையில் வைத்துக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். 1992 புதுப்பிப்புக்கு ஆதாரமானது நியூஜெர்சியில் ஒரு கிடங்கில் கிடைத்த ஃபைன் கிரெய்ன் மாஸ்டர். இப்படி ஒன்று கிடைப்பது பெரிய அதிர்ஷ்டம். பல படங்களுக்கு ஒரே மூலம் முழுதாகக் கிடைக்காது. மூன்றாவது ரீல் ஒரு நாட்டிலிருந்தும் ஏழாவது ரீல் இன்னொரு நாட்டிலிருந்தும் வரும். அப்போது ரீல் மாறும் இடத்தில் படத்தின் சாயலும் மாறும்.

மேஜையில் பார்க்கிறபோது மூக்குக்கும் வேலை உண்டு. 1950களின் தொடக்கம் வரை 35 எம்எம் படங்கள் நைட்ரேட் ஃபிலிமில் வந்தன. அது கெட ஆரம்பித்தால் பிசுபிசுக்கும், பிறகு பழுப்புப் பொடியாகும். தீப்பிடித்தால் தண்ணீருக்குள்ளும் எரியும். அடுத்து வந்த அசிட்டேட் ஃபிலிம் எளிதில் தீப்பிடிக்காது, ஆனால் வினிகர் வாடை வரும். அந்த வாடை வந்தால் ஃபிலிமின் அடித்தளம் சிதைகிறது, சுருங்குகிறது என்று பொருள். டப்பாவுக்குள் ஒரு சோதனைத்தாளைப் போட்டுவைத்தால் நீலம் பச்சையாகி மஞ்சளாகும். மஞ்சள் நெருங்க நெருங்க அவசரம். நைட்ரேட், அசிட்டேட் இரண்டுமே சுருங்கும். ஒரு சதவீதம் சுருங்கினாலே பழைய பிரின்டிங் இயந்திரத்தின் பற்கள் ஓரத்துளைகளில் சரியாக உட்காராமல் கிழித்துவிடும். அதனால்தான் இப்போதைய ஆவண ஸ்கேனர்கள் பற்களே இல்லாமல் உருளைகளால் ஃபிலிமை நகர்த்துகின்றன.

கிழிந்த துளைகளையும் விட்டுப்போன ஒட்டுகளையும் கையால் சரிசெய்து, அல்ட்ராசோனிக் குளியலில் கழுவிய பிறகே ஸ்கேன். இந்தக் கட்டத்தில் மிச்சம் பிடித்தால் பின்னால் கம்ப்யூட்டரில் பத்து மடங்கு செலவாகும்.

ஸ்கேன்

4கே முழு ஃபிரேம் என்றால் 4096 × 3112 புள்ளிகள். 10 பிட் கோப்பாகச் சேமித்தால் ஒரு ஃபிரேம் ஏறக்குறைய 51 எம்பி. நொடிக்கு 24 ஃபிரேம். ஒன்றரை மணி நேரப் படத்தில் 1,29,600 ஃபிரேம்கள். மொத்தம் 6.6 டிபி. இது வேலைக்கு முந்திய கணக்கு. துடைத்த பிரதி, நிறம் சரிசெய்த பிரதி, காப்புப் பிரதி என்று வைத்தால் நான்கு மடங்காகிவிடும்.

ஃபிலிமின் பின்பக்கக் கீறலுக்கு ஒரு பழைய தந்திரம் உண்டு: வெட் கேட். ஒளிவிலகலில் ஃபிலிமின் அடித்தளத்தை ஒத்த ஒரு திரவத்துக்குள் ஃபிரேமை முக்கியபடி ஸ்கேன் செய்வார்கள். திரவம் கீறலுக்குள் நிறைந்துவிடுவதால் ஒளி சிதறாது, கீறல் தெரியாது. ஆனால் கீறல் முன்பக்கத்தில், பிம்பம் இருக்கிற படலத்தில் விழுந்திருந்தால் திரவத்தால் பயனில்லை. அங்கே பிம்பமே சுரண்டுபட்டுப் போயிருக்கும்.

வண்ணப்படத்துக்கு இன்னொரு வசதி இருக்கிறது. ஸ்கேனரின் அகச்சிவப்புக் கதிர் வண்ணச் சாயத்தை ஊடுருவிப் போகும், தூசியில் மட்டும் தடுக்கப்படும். எங்கெங்கே தூசி என்று ஒரு வரைபடம் தானாகவே கிடைத்துவிடும். ‘ஒதெல்லோ’ போன்ற கறுப்பு வெள்ளைப் படத்துக்கு இது உதவாது; அங்கே பிம்பமே வெள்ளித் துகள். வெள்ளி அகச்சிவப்பைத் தடுப்பதால் மொத்தப் படமும் தூசியாகத் தெரியும். ஆகவே கறுப்பு வெள்ளையில் தூசியைக் கண்டுபிடிக்கிற பாரம் மென்பொருள் மேலும் மனிதக் கண் மேலும் விழுகிறது.

துடைப்பு

மென்பொருள் தூசியைப் பிடிக்கும் முறை எளிது. தூசி ஒரு ஃபிரேமில் மட்டும் இருக்கும். முன்னாலும் பின்னாலும் இருக்காது. அப்படி ஒரே ஃபிரேமில் தோன்றி மறைகிற எதையும் குப்பை என்று முடிவுகட்டி, பக்கத்து ஃபிரேமிலிருந்து எடுத்து ஒட்டிவிடும்.

‘ஒதெல்லோ’வில் ரொடரிகோ கொல்லப்படும் காட்சியைப் பாருங்கள். உடைகள் வந்துசேராததால் வெல்ஸ் அதை நீராவிக் குளியலறையில், துண்டு கட்டிய ஆட்களோடு எடுத்தார். ரொடரிகோ மரப்பலகைத் தளத்துக்கு அடியில் ஒளிந்துகொள்ள, வில்லன் இயாகோ பலகை இடுக்குகள் வழியே வாளைத் திரும்பத் திரும்பக் குத்துகிறான். நீராவி, கம்பி கம்பியாக வெளிச்சம், மின்னி மறையும் வாள். மென்பொருளின் கணக்குப்படி அந்த வாள்நுனியும் குப்பைதான்! தானியங்கியாக விட்டால் குத்து பாதியில் காணாமல் போகும், கையில் பிடி மட்டும் மிஞ்சும். மழை, தீப்பொறி, அம்பு, கடலலைத் திவலை எல்லாவற்றுக்கும் இதே கதி. சண்டையும் புயலும் இல்லாத ஷேக்ஸ்பியர் படம் ஏது? அதனால் இப்படிப்பட்ட ஷாட்களில் தானியங்கியை அணைத்துவிட்டு, ஒரு ஆள் உட்கார்ந்து ஃபிரேம் ஃபிரேமாகத் துடைக்க வேண்டும். முடித்ததும் ‘முன்’, ‘பின்’ இரண்டையும் கழித்துப் பார்ப்பது வழக்கம். வித்தியாசப் படத்தில் புள்ளிகளும் கோடுகளும் மட்டும் தெரிந்தால் வேலை சுத்தம். வாள் வடிவமோ இமை வடிவமோ தெரிந்தால் மென்பொருள் படத்தைத் தின்றிருக்கிறது.

கிரெய்ன், அதாவது ஃபிலிமில் தெரியும் நுண்துகள், வேறு சமாசாரம். அது அழுக்கு அல்ல. பிம்பமே அந்தத் துகள்களால் ஆனது. அதை வேண்டாத ‘இரைச்சல்’ (நாய்ஸ்) என்று நினைத்துத் தேய்த்தால் முகம் மெழுகாகும், தாடி ஒரு கறுப்புத் திட்டாகும், துணியின் நெசவு போய்விடும். தேய்த்ததை மறைக்க ஓரங்களைச் செயற்கையாகக் கூர்தீட்டினால் ஒவ்வொரு உருவத்தைச் சுற்றியும் வெள்ளைக்கோடு வரும். டிவிடி காலத்தில் இந்த இரண்டும் சேர்ந்து வந்த வெளியீடுகள் ஏராளம்.

வெளிச்சம் திருத்துதல்

கலரிஸ்ட் என்ற பெயர் கறுப்பு வெள்ளைக்கும் உண்டு. ஷாட்டுக்கு ஷாட் கறுப்பு எவ்வளவு ஆழம், வெள்ளை எவ்வளவு உயரம் என்று தீர்மானிப்பவர் அவர். ‘ஒதெல்லோ’வில் இது தலைவலியான வேலை. இயாகோ வெனிஸ் பக்கத்து டொர்ச்செல்லோ தீவின் தேவாலய முகப்பிலிருந்து ஓரடி எடுத்துவைத்தால், அடுத்த ஷாட்டில் ஆப்பிரிக்கக் கரையில் போர்த்துக்கீசியர் கட்டிய நிலவறைத் தொட்டிக்குள் இருப்பான். ஒரே காட்சிக்குள் இரண்டு கண்டங்கள், வேறு வேறு ஒளிப்பதிவாளர்கள், வேறு வேறு மாதங்கள். இவற்றைப் பொருத்த வேண்டும்தான், ஆனால் எதுவரை? அன்றைய லேபில் ஒரு ஷாட்டுக்கு மொத்தமாக வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். திரையின் ஒரு மூலையை மட்டும் இருட்டாக்கவோ ஒரு முகத்தை மட்டும் தூக்கிக்காட்டவோ வழியில்லை. இன்றைய மென்பொருளில் இதெல்லாம் ஒரு சொடுக்கு. 1952இல் பார்த்தவர்கள் கண்ட ஏற்ற இறக்கத்தையும் சமன்செய்துவிட்டால் அது புதுப்பிப்பு அல்ல, திருத்தி எழுதுவது. அந்தக் காலத்துப் பிரின்ட் ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால் அதைப் பக்கத்தில் ஓட்டிப் பார்த்துக்கொண்டே வேலை செய்வது பாதுகாப்பு.

படத்தின் தொடக்கத்தில் வரும் சவ ஊர்வலம் நல்ல சோதனை. கோட்டை மதில்மேல் பிணத்தைச் சுமந்து போகிறவர்கள் வானத்துக்கு எதிரே வெறும் நிழலுருவங்களாக நகர்கிறார்கள். இயாகோவை இரும்புக் கூண்டில் அடைத்து மேலே இழுக்கிறார்கள். இருட்டில் விவரம் இருக்கட்டும் என்று நிழலை இரண்டு படி தூக்கினால் கறுப்பு சாம்பலாகிவிடும், அந்த ஊர்வலத்தின் கனமே போய்விடும். வட்டு வாங்கியதும் முதல் ஐந்து நிமிடம் பார்த்தாலே கலரிஸ்டின் கை எப்படிப்பட்டது என்று தெரியும்.

வண்ணப்படத்தில் வேறு தொல்லை. லாரன்ஸ் ஒலிவியே நடித்து இயக்கிய ‘மூன்றாம் ரிச்சர்டு’ (1955) விஸ்டாவிஷனில் எடுத்தது. அதில் ஃபிலிம் படுக்கைவாட்டில் ஓடும், ஒரு ஃபிரேம் எட்டுத் துளை அகலம். வழக்கமான 35 எம்எம் ஃபிரேமைவிட இரண்டு மடங்குக்கும் மேல் பரப்பு. கூர்மை அபாரம். ஆனால் அந்தக் காலத்து வண்ண நெகட்டிவில் மஞ்சள் சாயம் முதலில் மங்கும் தன்மையுடையது. அப்படி மங்கிய படங்களுக்கு, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே கறுப்பு வெள்ளையில் பிரதியெடுத்து வைத்த மாஸ்டர்கள் இருந்தால் பிழைத்தோம். வெள்ளிப் பிம்பம் மங்காது. மூன்றையும் ஸ்கேன் செய்து அடுக்கினால் நிறம் திரும்பும். மூன்றும் வேறு வேறு அளவில் சுருங்கியிருந்தால் ஓரங்களில் சிவப்பும் நீலமும் விலகித் தெரியும். அதை ஷாட் ஷாட்டாகப் பொருத்த வேண்டும்.

ஒலி

1992 புதுப்பிப்பின் சண்டையே இங்கேதான். ‘ஒதெல்லோ’வின் ஒலி அன்றைக்கே பிரச்சினை. பெரும்பகுதி பின்னால் டப்பிங் செய்தது; சில சின்னப் பாத்திரங்களுக்கு வெல்ஸே குரல் கொடுத்தார்; உதட்டசைவு பல இடங்களில் ஒட்டாது. 1992 குழு இதையெல்லாம் குறை என்று பார்த்தது. வசனத்தை வைத்துக்கொண்டு உதட்டசைவோடு பொருத்த முயன்றார்கள். சத்தங்களைப் புதிதாகப் பதிவுசெய்தார்கள். லவாஞினோவின் பின்னணி இசையைப் பழைய ஒலித்தடத்திலிருந்து காதால் கேட்டு எழுதி, புது வாத்தியக் குழுவை வைத்து ஸ்டீரியோவில் வாசிக்க வைத்தார்கள்.

கேட்க நன்றாகவே இருந்தது என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் வெல்ஸ் வானொலியில் வளர்ந்தவர். எந்த ஒலி எங்கே அமுங்க வேண்டும், எங்கே அலற வேண்டும் என்பதைத் தானே செதுக்கியவர். மோனோவில் (ஒரே தடத்தில்) அவர் கலந்த விகிதத்தைக் கலைத்துப் புதிதாக வாசித்த இசையைச் சேர்த்தால், அதன் பெயர் மறுபடைப்பு. தனி வெளியீடாக அது இருந்துவிட்டுப் போகட்டும். அசல் ஒலித்தடம் கூடவே இல்லாமல் அதை மட்டும் விற்றதுதான் தவறு.

முறையான வழி அலுப்பானது. கிடைக்கிற ஒலி நெகட்டிவ்களிலும் பிரின்ட்களிலும் மிகச் சுத்தமானதை 24 பிட்டில் மாற்றி, ஒட்டுகளில் வரும் ‘டப்’ சத்தங்களை ஒவ்வொன்றாக எடுத்து, இரைச்சலைக் கொஞ்சம் குறைத்து நிறுத்திக்கொள்வது. இரைச்சலை முழுதாகத் துடைத்தால் ‘ஸ’, ‘ஃப’ போன்ற காற்றொலிகளும் சேர்ந்து போகும். வாக்கியம் முடிந்ததும் அறையின் அமைதிகூட இல்லாமல் சூனியமாகும். ஷேக்ஸ்பியரின் வரியில் மெய்யெழுத்து தேய்ந்தால் பாதி அர்த்தம் போச்சு. இன்னொரு கண்ணி: 35 எம்எம் பிரின்டில் ஒலி, தனக்குரிய படத்துக்குச் சுமார் 20 ஃபிரேம் முன்னால் அச்சாகியிருக்கும். பிரின்ட் அறுந்து நான்கு ஃபிரேம் போனால், படம் ஓரிடத்திலும் வசனம் முக்கால் நொடிக்குச் சற்று அதிகமாகத் தள்ளி வேறோரிடத்திலும் குறையும். இரண்டு இடங்களிலும் வேறு பிரதியிலிருந்து ஈடுசெய்ய வேண்டும்; ஒன்றை மட்டும் ஈடுசெய்தால் அந்த ரீலின் மிச்சம் முழுக்க உதடு விலகும்.

பதிப்புச் சிக்கலும் ஒலியோடு பிணைந்தது. 1952 பதிப்பில் நடிகர்கள் பெயர்களை வெல்ஸே தன் குரலில் சொல்லுவார். டெஸ்டெமோனாவாக நடித்த சுசான் க்ளூட்டியேவின் குரலே இருக்கும். 1955 பதிப்பில் அவருக்குக் குட்ரன் யூர் குரல் கொடுத்திருக்கிறார், எடிட்டிங்கிலும் மாற்றங்கள். இரண்டுமே வெல்ஸ் கைபட்டவை. எது சரி என்று ஒரு பதிப்பாசிரியர் தீர்ப்புச் சொல்வதைவிட 2017இல் செய்தது போல் இரண்டையும் மோனோ ஒலியோடு கொடுத்துவிடுவது நேர்மை.

வட்டு

இரட்டை அடுக்குப் புளூ-ரேயின் கொள்ளளவு 50 ஜிபி. ஒன்றரை மணி நேரப் படத்தை நொடிக்கு 35 மெகாபிட்டில் சுருக்கினால் 23.6 ஜிபி, 24 பிட் மோனோ ஒலிக்கு ஒரு ஜிபிகூட ஆகாது. இரண்டு பதிப்பையும் ஒரே வட்டில் போட்டால் கூடுதல் அம்சங்களுக்கு இடமில்லை, பிட் அளவைக் குறைக்க வேண்டும். கிரெய்ன் நிறைந்த படம் பிட்டைக் குடிக்கும். பிட் போதாவிட்டால் அந்தக் குளியலறை நீராவி கட்டம் கட்டமாக உடையும், சாம்பல் வானத்தில் படிக்கட்டு போல் வளையங்கள் தெரியும். விலையைக் குறைக்க ஒரே வட்டில் திணித்த வெளியீடு கண்ணில் பட்டால் யோசித்து வாங்குங்கள்.

‘ஒதெல்லோ’வின் திரை விகிதம் 1.37. அகலத் திரையில் 1920க்குப் பதில் சுமார் 1480 புள்ளி அகலம்தான் நிறையும். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வர வேண்டும். திரையை நிரப்புகிற பதிப்பு என்றால் மேலும் கீழும் வெட்டியிருக்கிறார்கள், அல்லது ஆட்களைக் குண்டாக்கியிருக்கிறார்கள்.

வேகமும் கவனிக்க வேண்டியது. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் ‘பால்’ (PAL) என்ற டிவி முறையில் வந்த பழைய டிவிடிகள் 24 ஃபிரேம் படத்தை 25 ஃபிரேமாக ஓட்டின. நான்கு சதவீத வேகம். 90 நிமிடப் படம் 86 நிமிடம் சொச்சத்தில் முடியும். ஈடுசெய்யாவிட்டால் குரலும் அரை ஸ்வரத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறும். வெல்ஸின் அடிவயிற்றுக் குரல் மெலிந்து கேட்டால் காரணம் இதுவாக இருக்கலாம். ‘காட்சிகளை வெட்டிவிட்டார்கள்’ என்று புகார் சொல்வதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். புளூ-ரேயில் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை.

சப்டைட்டிலில் சோம்பேறித்தனம் உடனே தெரியும். நாடகம்தான் அச்சில் கிடைக்கிறதே என்று புத்தகத்திலிருந்து அப்படியே ஒட்டுவார்கள். படம் பாதி வரிகளை வெட்டியிருக்கும், இடம் மாற்றியிருக்கும். ஒலிவியேவின் ‘மூன்றாம் ரிச்சர்டு’ தொடங்குவதே ‘ஆறாம் ஹென்றி’யின் மூன்றாம் பாகத்திலிருந்து எடுத்த முடிசூட்டில், நடுவில் 18ஆம் நூற்றாண்டு மேடைக்காரரான காலி சிப்பர் எழுதிச் சேர்த்த வரிகளும் உண்டு. ராணி மார்கரெட் படத்தில் கிடையவே கிடையாது. புத்தகத்தை நம்பிச் செய்தால் திரையில் பேசாத வரி கீழே ஓடும். படத்தைக் கேட்டுத்தான் எழுத வேண்டும். ஷேக்ஸ்பியரின் ஒரு செய்யுள் வரி ஏறத்தாழ நாற்பது எழுத்து. சப்டைட்டிலின் ஒரு வரி அளவும் அதே. வரி முறியும் இடத்தில் சப்டைட்டிலையும் முறித்தால் சந்தம் கண்ணுக்கும் தெரியும்.

இதற்கெல்லாம் மேலே உரிமைப் பத்திரங்கள். ஷேக்ஸ்பியரின் எழுத்துக்கு உரிமை வாங்க வேண்டாம். படத்துக்கும் இசைக்கும் வேண்டும். வெல்ஸின் இன்னொரு ஷேக்ஸ்பியர் படமான ‘சைம்ஸ் அட் மிட்நைட்’ (1965) உரிமைத் தகராறுகளில் சிக்கி, ஒழுங்கான பிரதியில் பார்க்கவே முடியாமல் பல ஆண்டுகள் கிடந்தது. 2016இல்தான் அமெரிக்காவில் முறையான புளூ-ரே வந்தது.

வாங்கும்போது

பெட்டியில் ‘ஒரிஜினல் நெகட்டிவிலிருந்து’ அல்லது ‘ஃபைன் கிரெய்ன் மாஸ்டரிலிருந்து’ என்று மூலத்தைப் பெயர் சொல்லி எழுதியிருந்தால் நம்பலாம். வெறும் ‘டிஜிட்டலில் மெருகேற்றியது’ என்றால் பழைய டிவிடி மாஸ்டரைத் தேய்த்ததாகவும் இருக்கலாம். எந்த ஆண்டுப் பதிப்பு, எத்தனை நிமிடம், ஒலி மோனோவா, புதிதாகச் செய்த 5.1 (பல ஸ்பீக்கர் ஒலி) மட்டுமா என்றும் பாருங்கள். 5.1 இருக்கட்டும், அசல் மோனோ கூடவே இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

புளூ-ரேக்கு மண்டலப் பூட்டு உண்டு. அமெரிக்க வட்டுகள் ‘ஏ’, பிரிட்டன் வட்டுகள் ‘பி’. இந்தியாவும் இலங்கையும் ‘சி’. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருப்பவர்கள் ‘ஏ’ மண்டலத்தில் வருவதால் அமெரிக்க ‘ஒதெல்லோ’ அவர்கள் வீட்டு பிளேயரில் ஓடிவிடும். சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் வாங்கிய பிளேயருக்கு ஓடாது. எல்லா மண்டலத்தையும் படிக்கிற பிளேயர் வேண்டும். 4கே யுஎச்டி வட்டுகளுக்கு இந்தப் பூட்டு கிடையாது. ஆனால் அதே பெட்டியில் கூடவே வரும் சாதாரண புளூ-ரே வட்டுக்கு இருக்கலாம். கூடுதல் அம்சங்கள் பெரும்பாலும் அந்த வட்டில்தான் இருக்கும்.